ஐந்தாவது மாதிரித் தேர்வு

நாற்பது நிமிஷம் நான் வாயைத் திறக்கக் கூடாது. பயிற்சிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பெற்றோருக்கென்று ஒரு கட்டம் போட்டு அப்படித்தான் எழுதியிருக்கிறான். தேர்வு அறையைப் போன்ற சூழலை வீட்டிலேயே உருவாக்குங்கள், எதிரில் அமர்ந்து கண்காணியுங்கள், இடையில் பேசாதீர்கள். எழுதியவன் பெற்ற பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவனாக இருக்க முடியாது. மூன்று வருஷமாகப் பேசிப் பேசியே தொண்டை கட்டிக்கொண்டவளைப் பேசாதே என்றால் எப்படி. செல்போனில் நாற்பது நிமிஷம் வைத்துச் சாப்பாட்டு மேஜைமேல் சாய்த்து நிறுத்தியாயிற்று. மணி பத்து ஐந்து. எதிரில் நறுமுகை, ஒன்பது வயது, என் மகள், என் ஒரே மாணவி, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு விடைத்தாளில் பெயரை எழுதுகிறாள். ஒரு கேள்விக்கு நான்கு வட்டம், அ ஆ இ ஈ, சரியானதைப் பென்சிலால் முழுக்கக் கறுப்பாக்க வேண்டும், கோட்டைத் தாண்டக் கூடாது, தாளை மெஷின்தான் திருத்தும். ஞாயிற்றுக்கிழமை உண்மைத் தேர்வு. இன்று வியாழன். சேர்க்கப்போகிற பள்ளிக்கூட அலுவலகத்தில் இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார், வயசெல்லாம் பாக்க மாட்டோம்ங்க, மார்க்குதான், நாப்பதுக்கு இருபத்தஞ்சு எடுத்தா நாலாவதுல போட்டுக்கலாம், இல்லாட்டி ரெண்டாவதுதான். ஏழு வயதுப் பிள்ளைகளோடு இவளா. பெஞ்சில் இவள் முட்டி இடிக்கும். இவள் உயரத்தைப் பார்த்து ஏன் இன்னும் ரெண்டாவது என்று கேட்பார்கள், ஒரு தடவை கேட்டால் போதும், வாயை மூடிக்கொள்வாள், மூடினால் எப்போது திறப்பாள் என்று யாருக்குத் தெரியும். வேண்டாம், அதை நினைக்க வேண்டாம், அதுதான் மார்க் ஏறிக்கொண்டே போகிறதே. முதல் மாதிரித் தேர்வில் பதினான்கு, இரண்டாவதில் இருபத்து மூன்று, மூன்றாவதில் முப்பத்தொன்று, திங்கட்கிழமை முப்பத்து நான்கு. முப்பத்து நான்கைக் கேட்டுவிட்டு இவள் அப்பா ராஜவேல் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று சிரித்தார். பரவால்லயே, நீ ஜெயிச்சிட்ட சுகந்தி என்றார். இவளைச் சொல்லவில்லை, என்னைச் சொன்னார். அப்போது அது காதில் இனிப்பாகத்தான் இருந்தது.

முதல் கேள்விக்கு வட்டம் போட்டாயிற்று, சரிதான். இரண்டும் சரி. தலைகீழாகப் படித்துப் படித்து எனக்குத் தலைகீழ் எழுத்தே பழகிவிட்டது. மேல் வீட்டில் கிரைண்டர் ஓடுகிறது, இந்த நேரத்தில் என்ன மாவோ. தேர்வு அறையில் கிரைண்டர் சத்தம் இருக்காது, இருநூறு பிள்ளைகளின் இருமல் இருக்கும், தும்மல் இருக்கும், ஒரு மிஸ் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடப்பார். மிஸ் என்றாலே எனக்கு அந்த ஒன்றாம் வகுப்பு ஜன்னல்தான் ஞாபகம் வருகிறது. இவள் ஆறு மாதம் பள்ளிக்கூடம் போனாள். ஆறு மாதமும் தண்ணீர்ப் பாட்டில் கொண்டுபோன நிறைவோடு திரும்பி வந்தது. டிபன் டப்பாவின் மூடி இறுக்கம், திறந்து தாருங்கள் என்று யாரிடமாவது கேட்க வேண்டும், கேட்கவில்லை, இட்லி காய்ந்து திரும்பி வந்தது. பாத்ரூம் போகணும் என்று சொல்லாமல் அடக்கி அடக்கி, வீட்டு வாசலில் நான் பூட்டைத் திறப்பதற்குள் நின்ற இடத்திலேயே நனைத்துக்கொள்வாள். உங்க பொண்ணு பேசுமாங்க என்று கேட்டார் அந்த மிஸ். கெட்டவர் இல்லை, ஐம்பது பிள்ளைகள் அவருக்கு. வீட்டில் வாய் ஓயாதுங்க என்றேன், நம்பவில்லை. ஒரு நாள் ஜன்னல் ஓரம் நின்று பார்த்தேன். மிஸ் ஒரு படத்தைக் காட்டி இது என்ன கலர் என்று கேட்கிறார். இவள் எழுந்து நிற்கிறாள். படத்தைப் பார்க்கவில்லை, மிஸ் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பச்சை. பச்சை என்று சொல்லத் தெரியாதா இவளுக்கு. ஐம்பது பிள்ளைகளும் சிரித்தார்கள், அன்றே பையைத் தோளில் மாட்டிக் கூட்டிவந்துவிட்டேன். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினோரு வருஷ வேலை, அடுத்த வாரமே எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு உட்கார்ந்தேன். மூணு வருஷம் என்று நானாகத்தான் இவள் அப்பாவிடம் தவணை வாங்கினேன். நீ சொன்னா சரி, ஆனா மூணு வருஷந்தான், அப்புறம் எல்லாப் பிள்ளைங்க மாதிரி போகணும் என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியதெல்லாம் சொந்தக்காரர்கள். கல்யாண வீட்டில், கருமாதி வீட்டில், எங்கே போனாலும் இவள் கன்னத்தைக் கிள்ளி என்ன கிளாஸ் படிக்கிற என்பார்கள். எனக்கு கிளாஸ் இல்ல, அம்மாதான் என்பாள். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். மகளைப் படிக்க விடாத மகராசி என்று அந்தப் பார்வையில் எழுதியிருக்கும்.

எட்டு. ஒன்பது. பத்து. நன்றாகப் போகிறது, அவசரமில்லாமல் போகிறது. பொருந்தாததைத் தேர்ந்தெடு என்ற பகுதி வந்துவிட்டது. முதல் மாதிரித் தேர்வில் இதில்தான் கவிழ்ந்தாள். அணில், கிளி, காகம், வௌவால், இதில் எது பொருந்தாதது. எல்லா வட்டத்தையும் விட்டுவிட்டிருந்தாள். ஏண்டி என்றால், நாலுமே பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்துக்கு வர்றதுதானம்மா, எல்லாம் பொருந்துதே என்றாள். சிரித்தேன், கட்டிக்கொண்டேன், அப்புறம் பதினான்கு என்ற எண் ஞாபகம் வந்து சிரிப்பு நின்றது. அன்றைக்குத்தான் சொல்லிக் கொடுத்தேன். இங்க பாரு முகை, நீ என்ன நினைக்கறங்கறது பரீட்சையில முக்கியமில்ல. கேக்கறவங்க மனசுல எதை வெச்சிருப்பாங்கன்னு கண்டுபிடி, அதைப் போடு. கேக்கறவங்க மனசா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். ஆமா, அவங்க மனசு. சரி என்று அவ்வளவு சமர்த்தாகத் தலையாட்டினாள். கீரைக்காரர் ஒலிபெருக்கியில் அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி என்று கத்திக்கொண்டே தெருவுக்குள் வருகிறார், போகட்டும், இன்றைக்குக் கீரை வேண்டாம். பதினான்காவது கேள்வி. பென்சில் முனை அ-வின் மேல் நிற்கிறது. நிமிர்ந்து பார்க்கிறாள், குனிகிறாள். ஆ-வின் மேல் நிற்கிறது, பார்க்கிறாள். இ. பார்க்கிறாள், கறுப்பாக்குகிறாள். சரியான விடை இ. என்னடா கழுத்து வலிக்கிறதா இவளுக்கு, எதற்கு இத்தனை தடவை நிமிர்கிறாள். பதினைந்து. அ, ஒரு பார்வை. உடனே கறுப்பாக்கிவிட்டாள், சரியான விடை அ. இல்லை, இருக்காது. பதினாறு. பார்வை, பார்வை, பார்வை, ஈ. சரி. பார்ப்பது சும்மா பார்ப்பது இல்லை. சமையலில் உப்பு சரியா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பார்களே, அப்படிப் பார்க்கிறாள்.

இருக்காது என்று சொன்னால் போதுமா, பார்த்துவிடலாம். பதினேழாவது கேள்வி: ஒரு பேருந்து ஏழே முக்காலுக்குக் கிளம்பி ஒன்பது பத்துக்குப் போய்ச் சேருகிறது, பயண நேரம் எவ்வளவு. விடை இ, ஒரு மணி இருபத்தைந்து நிமிஷம். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். அ-வில் பென்சில் நிற்கிறது, கல். ஆ-வில் நிற்கிறது, ஒரு மணி முப்பத்தைந்து, தப்பான விடை, வேண்டுமென்றே நெற்றியைத் தளர்த்தினேன், வேறொன்றும் செய்யவில்லை, நெற்றியைத்தான். ஆ கறுப்பாகிவிட்டது. இ-க்கு அவள் போகவே இல்லை. கணக்கு கொஞ்சம் சிக்கல், தெரியாமல் இருந்திருக்கலாம், இதை வைத்து எதையும் சொல்ல முடியாது. பதினெட்டு. சூரியன் எந்தத் திசையில் மறையும். தினமும் சாயங்காலம் பால்கனியில் நின்று சூரியனுக்குக் கைகாட்டி வழியனுப்புகிறவள் இவள். மேற்கு ஆ-வில் இருக்கிறது. நேரே அங்கேதான் போனாள். நான் புருவத்தைச் சுருக்கினேன். பென்சில் நின்றது. ஒரு கணம் ஜன்னல் பக்கம் திரும்பினாள், அந்த வெளிச்சத்தைப் பார்த்தாள், எனக்கு உள்ளுக்குள் போடு, போடு, போட்டுவிடு தங்கம் என்று கத்த வேண்டும்போல இருந்தது, முகம் மட்டும் சுருங்கியே இருந்தது. மறுபடி என்னைப் பார்த்தாள். பென்சில் இ-க்கு நகர்ந்தது, வடக்கு. நெற்றியைத் தளர்த்தினேன். வடக்கை வட்டம் நிறையக் கறுப்பாக்கினாள், கோட்டைத் தாண்டாமல், அழகாக. நான் என் குழந்தையின் கையிலிருந்து சூரியனைப் பிடுங்கிவிட்டேன், அவள் அதற்கும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

முப்பத்து நான்கு மார்க் என்னுடையது. பள்ளிக்கூடம் முடித்து இருபது வருஷம் ஆனவள் நாலாம் வகுப்புப் பரீட்சையில் நாற்பதுக்கு முப்பத்து நான்கு எடுத்திருக்கிறேன், அதற்குத்தான் அவர் வாசலில் நின்று சிரித்தார், அதற்குத்தான் அன்றைக்குக் கேசரி கிண்டினேன். முதல் தேர்வு எழுதும்போது நான் அடுப்படியில் இருந்தேன். இரண்டாவதிலிருந்துதான் புத்தகத்தில் சொன்னபடி எதிரில் வந்து உட்கார்ந்தேன். அப்படியானால் பதினான்குதான் இவள். பதினான்கு. இவள் ஒன்றும் திருடவில்லை, காப்பியடிக்கிறோம் என்ற எண்ணமே இவளுக்கு இருக்காது, கேட்கிறவர்கள் மனதைக் கண்டுபிடி என்றேன், கண்டுபிடிக்கிறாள், அதில் இவளுக்கு நூற்றுக்கு நூறு. எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா, பதினோரு வருஷம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து அணு அணுவாக எண்ணியவளுக்கு. டாக்டர் சீட்டில் டெங்குவா என்று எழுதி அனுப்பியிருந்தால் கண் தட்டணுவைக் குறைத்தே எண்ணும், அதனால் நிலையத்தில் எனக்கு மூத்தவரான ஹேமா அக்கா சீட்டை மடித்து வைத்துக்கொண்டுதான் ரத்த மாதிரியைக் கையில் தருவார். முதல்ல எண்ணு சுகந்தி, அப்புறமா சீட்டைப் பாரு. விடை தெரிந்த சீட்டை முகத்தில் ஒட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறேனே நான். எத்தனை நாளாக. பதினைந்து நாளாகவா, மூன்று வருஷமாகவா. முதன்முதலில் மழை என்று எழுத்துக் கூட்டிப் படித்தாளே, அப்போது கண் புத்தகத்தில் இருந்ததா, என்மேல் இருந்ததா. ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன், என்மேல்தான் இருந்தது, இல்லை, இப்போது இப்படித் தோன்றுவதால் அப்படித் தெரிகிறது. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று பால்கனியில் கத்திச் சொன்னாள், அது நிஜம், அது இவளுடையது. அம்பத்தி என்று இழுத்து என்னைப் பார்த்து அப்புறம் ஆறு என்றாளோ. எத்தனை நாளாக. என் முகத்தைப் பார்த்தே எல்லாத்தையும் புரிஞ்சுக்குவா என்று தங்கச்சியிடம் போனில் பீற்றிக்கொண்டேன், வெட்கமில்லாமல், போன வாரம்கூட. நான் தலைவலியோடு எழுந்தால் நான் சொல்வதற்கு முன்னால் இவள் ஜன்னல் திரையை இழுத்து விடுவாள். நானும் அவரும் இன்னும் சண்டையைத் தொடங்கியிருக்கவே மாட்டோம், அதற்கு முன்னாலேயே இவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அன்றைக்கு வகுப்பில் மிஸ் முகத்தையே பார்த்தது இதற்குத்தான். அந்த முகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. பயந்து நின்றாள் என்று நினைத்தேன், தேடிக்கொண்டு நின்றிருக்கிறாள். அங்கிருந்து தூக்கி வந்து மூன்று வருஷம் ஒரே முகத்துக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டேன். தெரிந்தா செய்தேன். தெரியாமல்தான் செய்தேன், தெரியாமல் செய்தால் மட்டும் குறைந்துவிடுமா. இத்தனையும் இப்போது என் முகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பத்தொன்பதாவது கேள்வியில் பென்சிலை வைத்துக்கொண்டு இவள் என்னைப் பார்த்தபடியே இருக்கிறாள், உதடு லேசாகப் பிரிந்திருக்கிறது. இந்த முகத்தில் அ எது, ஆ எது என்று இவளுக்குப் பிடிபடவில்லை.

எழுந்தேன். நாற்காலியைத் தூக்கி, இழுத்தால் சத்தம் வரும், தூக்கித் திருப்பிப் போட்டு, இவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். எதிரில் வெறும் சுவர், காலண்டர்கூட இல்லாத சுவர், போன மழையில் ஓதம் ஏறிச் சுண்ணாம்பு பொரிந்த சுவர். ஏம்மா திரும்பிட்ட என்றாள். சொல்லக் கூடாது. கோபமாம்மா. பேசக் கூடாது என்பது புத்தகத்தின் விதி, ஆனால் அந்தக் குரல் தேய்ந்து வந்தது, அந்த ஒன்றாம் வகுப்புக் குரல், இல்லை, ஒன்றாம் வகுப்பில் குரலே இல்லை. கோபமில்ல, எழுது. ஞாயித்துக்கிழமை அம்மா அங்க இருக்க மாட்டேன்ல, அதுக்குத்தான் என்றேன். ம் என்றாள். மேல் வீட்டுக் கிரைண்டர் நின்றுவிட்டது. நின்ற பிறகுதான் வீடு எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று தெரிகிறது. பின்னால் சத்தமே இல்லை. எழுதவில்லை. உட்கார்ந்திருக்கிறாள், என் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், முதுகில் கண் படுவது எனக்குத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் இருக்கும். நாற்பது நிமிஷம் இப்படியே உட்கார்ந்திருந்துவிட்டுச் சுத்தமான தாளைக் கொடுத்துவிட்டு வருவாள், மெஷின் சைபர் போடும், ரெண்டாவதில் கொண்டுபோய் உட்காரவைப்பார்கள், அங்கே ஒரு புது மிஸ், புது முகம், பாட்டிலில் தண்ணீர் அப்படியே திரும்பி வரும். ஒன்பது வயதுப் பெண் வீட்டு வாசலில் நின்று நனைத்துக்கொண்டால் என்ன செய்வேன். அவரிடம் இன்னும் ஒரு வருஷம் கேட்கலாம். கேட்டால் கொடுப்பார், அதுதான் பயம், கொடுத்துவிடுவார். கொடுத்தால் நான் என்ன செய்வேன், மறுபடி இந்த முகத்தைத்தானே எதிரில் கொண்டுவந்து வைப்பேன். வேறு முகம் என்னிடம் இல்லையே. சாமி, ஒரே ஒரு வட்டம் போடட்டும், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, இவளாகப் போட்ட தப்பு ஒன்று எனக்கு வேண்டும்.

பென்சில் உரசியது. நிஜமாகவா. உரசியது, நின்றது, தாள் நகர்ந்தது, மறுபடி உரசியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுதுகிறாள். முகம் இல்லாமல் எழுதுகிறாள். சீச்சீ, என்னென்னவோ நினைத்துவிட்டேனே, பிள்ளைகள் நிமிர்ந்து பார்க்கத்தான் பார்க்கும், எந்தப் பிள்ளை பார்க்காது, சூரியனைக்கூட நான் மிரட்டியதால்தானே மாற்றிப் போட்டாள். மறுபடி உரசல். தன்பாட்டுக்கு முணுமுணுத்துக்கொள்கிறாள், முணுமுணுக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை மனதுக்குள் படி என்று சொல்லிவிடலாம். இருபத்தேழாவது கேள்வி இது. ஒரு கூடையில் நாற்பத்தெட்டுப் பழம், மூன்றில் ஒரு பங்கு எத்தனை. அ, பன்னிரண்டு என்கிறாள். நிறுத்துகிறாள். ஆ, பதினான்கு. நிறுத்துகிறாள். இ, பதினாறு. என் மூச்சு சற்றே நீளமாகப் போய்வந்தது, எனக்கே கேட்டது, உடனே பென்சில் உரசியது. இருபத்தெட்டு. அ, எட்டு. நிறுத்துகிறாள். ஆ, ஒன்பது. நிறுத்துகிறாள், நான் மூச்சை அடக்கிக்கொண்டேன், உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரின் பொரிந்த சுண்ணாம்பைப் பார்த்தேன். இ, பத்து. ஒன்றும் இல்லை. ஈ, பதினொன்று. ஒன்றும் இல்லை. மறுபடி முதலிலிருந்து, அ, எட்டு என்றாள், குரலைக் கொஞ்சம் உயர்த்தி, எனக்குக் கேட்கவில்லையோ என்பதுபோல. ஆ, ஒன்பது. காது அடைத்தது. இ. ஈ. பென்சிலை மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா, மூச்சு விடேன்" என்றாள், கெஞ்சலாக. "நீ விடாட்டி எனக்கு எதுன்னு தெரியலைம்மா."

நான் விடவில்லை. சுவர் மங்கலாகி, விளிம்பெல்லாம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் அ, எட்டு என்றாள். ஆ, ஒன்பது என்றாள். எவ்வளவு நேரம்தான் ஒருத்தி மூச்சை அடக்க முடியும். விட்டேன். பின்னால் பென்சில் உரசும் சத்தம் கேட்டது.